ஆகோர் பள்ளத்தாக்கில் ஒரு வாசல்

எங்கள் சபையின் மருத்துவ உதவி நிதிக்கு நான் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஐந்தாவது ஆண்டில் அந்தப் பணத்தைத் திருடினேன். "திருடினேன்" என்று எழுத எனக்கு வெகு காலம் பிடித்தது. மனதுக்குள் சொல்லிக்கொள்ளும்போதுகூட "கொஞ்ச நாள் புரட்டிக்கொண்டேன்", "கைமாற்றாக எடுத்தேன்" என்றுதான் சொல்வேன். அந்தச் சொற்கள் என்னை எவ்வளவு தூரம் இழுத்துப் போயின என்பதையும், அங்கிருந்து எப்படித் திரும்பினேன் என்பதையும் சொல்லப்போகிறேன். பணமாக இல்லாவிட்டாலும் வேறு ஏதோ ஒன்றை யாருக்கும் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கும் ஒருவர் இதைப் படிக்கலாம். அவரை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

நிதி நடந்த விதம் எளிமையானது. மாதம் ஒருமுறை விசுவாசிகள் உறையில் பணம் வைத்துத் தருவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் உறைகளை வாங்கி, எண்ணி, நோட்டில் எழுதி, பெரும்பகுதியை வங்கியில் கட்டிவிடுவேன். ராத்திரியில் யாராவது மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால் உடனே கொடுப்பதற்கு ஒரு தொகை ரொக்கமாக என் வீட்டு அலமாரியில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சபைக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பேன்; எல்லாரும் தலையாட்டுவார்கள். உறையைப் பிரிப்பதும் நான், எண்ணுவதும் நான், எழுதுவதும் நான், வைத்திருப்பதும் நான். ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதை எனக்குக் கிடைத்த மரியாதையாக எண்ணினேன்.

ஒரு மாதம் சம்பளம் பத்து நாள் தள்ளிப்போனது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று எனக்குள் நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. பிசாசு பேசினால் பயமாக இருக்கும் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். இதுவோ பொறுப்புள்ள குடும்பஸ்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வது போல இருந்தது. "பத்தே நாள்தான். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம். யாரிடமாவது போய்க் கடன் கேட்டு நிற்பதைவிட இது மேல். இந்த நிதிக்காக நீ எவ்வளவு அலைகிறாய்!" எடுத்தேன். பன்னிரண்டாம் நாள் திரும்ப வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்காமல் போனதுதான் என்னைக் கெடுத்தது. பிடிபட்டிருந்தால் அந்த ஒரு தடவையோடு முடிந்திருக்கும்.

மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். இயேசு 40 நாள் உபவாசம் இருந்து பசியோடு இருக்கும்போது முதல் சோதனை வருகிறது. கல்லை அப்பமாக்கச் சொல்கிறான் சோதனைக்காரன். அப்பம் சாப்பிடுவதில் என்ன பாவம்? பசியும் பொய்ப் பசி இல்லை. நிஜமான தேவைக்குப் பக்கத்தில், அதன் நிழலில் வந்து நிற்கிறது சோதனை. எனக்கும் பள்ளிக் கட்டணம் நிஜம்தான். அந்தத் தேவையைப் பரலோகப் பிதாவிடமோ, ஒரு சகோதரனிடமோ சொல்லாமல் நானே ரகசியமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற இடத்தில்தான் வழி பிரிந்தது. கடன் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், திருட்டுக்கு முன்னால் எனக்குள் இருந்த பாவம் அந்தப் பெருமை.

"சோதனை" என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கஷ்டம் வந்தாலும் சோதனை என்கிறோம், பாவத்துக்குத் தூண்டப்பட்டாலும் சோதனை என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல் இந்த இரண்டையும் சுமக்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், சோதனைகளில் அகப்படும்போது சந்தோஷமாக எண்ணுங்கள் என்று தொடங்குகிறார். பத்து வசனம் தாண்டியதும், சோதிக்கப்படுகிற எவனும் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லாதிருப்பானாக என்கிறார். சம்பளம் தாமதமானது ஒரு வகைச் சோதனை. அலமாரியைத் திறக்கச் சொன்னது இன்னொரு வகை. இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில்தான் வந்தன. கர்த்தர் கற்றுத்தந்த ஜெபத்தைச் சொல்லும்போதும் இதைக் கவனிக்கலாம். நாங்கள் "சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்கிறோம். கத்தோலிக்கச் சகோதரர்கள் "சோதனையில் விழவிடாதேயும்" என்கிறார்கள். பிரெஞ்சு கத்தோலிக்கர்கள் 2017-இல்தான் தங்கள் ஜெபத்தின் அந்த வரியை, சோதனைக்குள் போகவிடாதேயும் என்ற பொருள் வரும்படி மாற்றினார்கள். தமிழில் அது முன்பே இருந்தது. விழும் நிலையில் இருக்கிற ஒருவன் சொல்ல ஏற்ற ஜெபம் அது. நான் இப்போது இரண்டு விதமாகவும் சொல்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். இரண்டாம் தடவை காரணம் இன்னும் சின்னது. மூன்றாம் தடவை என்ன காரணம் என்றே நினைவில்லை. கை தானாக அலமாரிக்குப் போனது. நான்காம் தடவை, வீட்டுக்கு ஒரு பொருள் வாங்க முன்பணமாகக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. சபையில் ஒரு குடும்பம். வீட்டுத் தகப்பனாருக்கு நெஞ்சு வலி, மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். மகன் பேசினான்: "அண்ணா, நிதியிலிருந்து இப்போ தர முடியுமா?" அலமாரி காலி. நான் சொன்னேன்: "தம்பி, பணம் எல்லாம் வங்கியில இருக்கு. திங்கட்கிழமைதான் எடுக்க முடியும்." ஒரு நொடிகூடத் தயங்காமல் அந்தப் பொய் வாயில் வந்தது. போனை வைத்த பிறகு என் கை நடுங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.

அவர்கள் யார் யாரிடமோ ஓடி, அதிக வட்டிக்கு வாங்கிக் கட்டினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் நான் வேறு இடத்தில் கடன் வாங்கி ரொக்கத்தை நிரப்பினேன். நிதியில் காசு குறையவில்லை. கணக்கு நேராகிவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு சான்றும் இல்லை. இனி எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன், எடுக்கவும் இல்லை. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதன் பிறகு எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எடுத்த நாட்களைவிட மறைத்த நாட்களில்தான் எனக்குச் சேதம் அதிகம்.

முதலில் ஜெபம் காய்ந்தது. ஜெபத்தை விட்டுவிடவில்லை, சபையில் எழுந்து நின்று நன்றாகவே ஜெபித்தேன். வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்க முடியாது. 32-ஆம் சங்கீதத்தில் தாவீது, அடக்கிவைத்திருந்த காலத்தில் தன் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறார். அதைக் கவிதை என்று நினைத்திருந்தேன். இல்லை, உடம்பு உணர்கிற விஷயம் அது. திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். இன்னொரு மாற்றமும் வந்தது. அது மாற்றம் என்று அப்போது எனக்குத் தெரியவே இல்லை: மற்றவர்களிடம் மிகவும் கடுமையாகிவிட்டேன். வாலிபர் கூட்டத்தின் செலவு ரசீதுகளை இரண்டு வாரம் தாமதமாகக் கொண்டுவந்த ஒரு பையனை எல்லார் முன்னாலும் வைத்து, "தேவனுடைய பணத்துல விளையாடக் கூடாது" என்று கண்டித்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

2 சாமுவேல் 12-இல், உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அதை மறைத்து வைத்திருந்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவான் கதையைச் சொல்கிறார். தாவீது கோபத்தில் கொதித்து, அவன் சாக வேண்டும், ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்த வேண்டும் என்கிறார். நாலத்தனை என்பது நியாயப்பிரமாணத்தில் இருப்பதுதான். மரணம் தாவீது சேர்த்தது. மறைத்து வைத்திருக்கும் பாவம் சும்மா கிடக்காது. அடுத்தவன்மேல் கோபமாக வெளியே வரும். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட குற்றத்தின்மேல் மட்டும் அளவுக்கு மீறிய எரிச்சல் வருகிறது என்றால், கொஞ்சம் நின்று உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்தது ஒரு வேதபாட வகுப்பில். வாலிபர்களுக்கு ஓசியா புத்தகம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் அதிகாரம், 15-ஆம் வசனம். தம்மை விட்டுப்போன ஜனத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் தேவன், ஆகோரின் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாகக் கொடுப்பேன் என்கிறார். வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போக இருந்தேன். "ஆகோர்னா என்ன அண்ணா?" என்று ஒரு குரல். நான் கண்டித்த அதே பையன்.

யோசுவா 7-ஐச் சொல்லத் தொடங்கினேன். எரிகோ விழுந்தபோது ஆகான் என்பவன், கர்த்தருக்கென்று விலக்கப்பட்டதிலிருந்து நேர்த்தியான ஒரு பாபிலோனிய சால்வையையும், 200 வெள்ளிச்சேக்கலையும், 50 சேக்கல் நிறையான ஒரு பொன்பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தான். அதன் பின் ஆயி என்ற சின்ன ஊரிடம் இஸ்ரவேல் தோற்றது. 36 பேர் செத்தார்கள். சீட்டு விழுந்து ஆகான் பிடிபட்டான். கண்டேன், இச்சித்தேன், எடுத்துக்கொண்டேன், மறைத்து வைத்தேன் என்று அவன் வரிசையாகச் சொல்வதை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதியாகமம் 3-இல் ஏவாளின் கதையும் இதே வரிசையில் போகும் என்று சேர்த்துச் சொல்ல நினைத்திருந்தேன். "மறைத்து வைத்தேன்" என்ற இடத்தில் குரல் வரவில்லை. அவனைக் கல்லெறிந்து கொன்ற இடத்துக்குத்தான் ஆகோர் என்று பெயர். கலக்கம், துன்பம் என்று அர்த்தம். இதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்து, தலைவலி என்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அந்த வசனம் விடவில்லை. இஸ்ரவேலின் நினைவில் அவ்வளவு அவமானமான ஓர் இடம், அங்கேதான் வாசல் வைப்பேன் என்கிறார். வேறு பள்ளத்தாக்கில் வைத்திருக்கலாமே? அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கொடுத்திருக்கலாமே? இல்லை. நான் கால் வைக்கப் பயப்படும் அந்த இடத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று அன்று எனக்குப் புரிந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. யோவான் 12:6 யூதாசைப் பற்றி, பணப்பை அவனிடம் இருந்தது, அதில் போடப்பட்டதை அவன் எடுப்பான் என்று சொல்கிறது. பொருளாளர் யூதாஸ். அந்த வசனத்தை எட்டு மாதமாக நான் தவிர்த்து வந்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து யூதாசையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். இருவரும் ஒரே ராத்திரியில் ஆண்டவருக்குத் துரோகம் செய்தவர்கள். இருவரும் மனம் கசந்தவர்கள். யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் திரும்பக் கொண்டுபோனான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாயாலும் அறிக்கை செய்தான். ஆனால் பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் போய்ச் சொன்னான். எங்களுக்கென்ன, அது உன்பாடு என்றார்கள். அதன் பிறகு அவன் தனியாகப் போனான். பேதுரு அழுதான், ஆனால் மற்ற சீஷர்களை விட்டுப் போகவில்லை. ஆண்டவர் அவனைத் தேடி வந்தபோது அவர்களோடு படகில் இருந்தான். கரையில் கரிநெருப்பு போட்டிருந்தது என்கிறார் யோவான். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு என்று இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த இடம். இன்னொன்று, "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று தடவை அவனிடம் கேட்கப்பட்ட இந்தக் கரை. பேதுருவின் ஆகோர் அதுதான் என்று நினைக்கிறேன்.

தனியாகப் போகக் கூடாது என்ற ஒன்று மட்டும் எனக்கு அன்று உறுதியானது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னன்னு தெரியாது, ஆனா ஏதோ இருக்குன்னு தெரியும். எட்டு மாசமா நீங்க சரியா தூங்கவே இல்ல" என்றாள். அழுதாள். கோபமும் பட்டாள். காலையில் என்னோடு போதகர் வீடுவரை வந்தாள்.

போதகர் ஐயா கேட்ட விதம் எனக்கு ஒரு பாடம். "பரவாயில்ல தம்பி" என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு அந்த நிமிடம் இதமாக இருந்திருக்கும், பாரம் இறங்கியிருக்காது. அவர் கேட்டார்: "எத்தனை தடவை? எவ்வளவு?" சொன்னேன். "வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க." அந்தச் சனிக்கிழமைப் போன் பற்றி அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு 1 யோவான் 1:9-ஐ வாசித்தார். நம் பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்பதோடு அந்த வசனம் நிற்கவில்லை. எல்லா அநியாயத்தையும் நீக்கிச் சுத்திகரிப்பார் என்றும் சொல்கிறது. "மன்னிப்பு இப்பவே. சுத்திகரிப்புக்கு நாம ரெண்டு பேரும் கமிட்டிக்குப் போகணும். அந்தக் குடும்பத்துக்கிட்டயும் போகணும். என்ன முடிவு எடுத்தாலும் நீங்க ஏத்துக்கணும், போலீஸுக்குப் போனாலும் சரி. நான் கூட வரேன்." கடைசி மூன்று வார்த்தைகளுக்காக அவரை வாழ்நாள் முழுவதும் நினைப்பேன்.

ஒருவர் உங்களிடம் வந்து பாவத்தை அறிக்கை செய்தால் இப்படி இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். சின்னதாக்கவும் செய்யாதீர்கள். முழுவதும் சொல்ல இடம் கொடுங்கள், அடுத்த அடிக்குக் கூடப் போங்கள். அறிக்கை செய்கிறவரும் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். ரகசியம் காக்கிறவரும், உங்களுக்கு அஞ்சாமல் உண்மை சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கை செய்யச் சொல்வது மேடையில் நின்று எல்லாருக்கும் சொல்வதற்கு அல்ல. குணமாவதற்கு ஜெபிக்கச் சொல்லும் வசனம் அது.

கமிட்டி என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஒரு வருடம் வேதபாடம் எடுக்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான். அந்த வீட்டுக்குப் போனதுதான் கடினம். அந்த அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. "அன்னிக்கு ராத்திரி நாங்க எத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டினோம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அவர்கள் கட்டிய வட்டி முழுவதையும் கொண்டுபோயிருந்தேன். லேவியராகமம் 6-இல், பிறனை ஏமாற்றியவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்று இருக்கிறது, அதையும் சேர்த்திருந்தேன். வட்டியை எடுத்துக்கொண்டார். மிச்சத்தைத் திருப்பித் தந்து, "இதை அந்த நிதியிலேயே போட்டுடுங்க" என்றார். மன்னித்தேன் என்று அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு உரிமை. அதற்குப் பதிலை அப்போதே வாங்கிக்கொண்டு போக உரிமை இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

தமிழில் 'நம்பிக்கை' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. மனிதர் நம்மேல் வைப்பதும் நம்பிக்கை. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று பவுல் சொல்லும் அந்த எதிர்நோக்குதலும் நம்பிக்கை. இரண்டில் ஒன்று எனக்குப் போதகர் வீட்டு அறையில் அரைமணி நேரத்தில் திரும்பக் கிடைத்தது. இன்னொன்று வருடக்கணக்கில், துளித்துளியாக வந்தது. இன்னும் முழுவதும் வரவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவிக்கிற பலரைப் பார்க்கிறேன். தேவன் மன்னித்துவிட்டார், இவர்கள் மட்டும் ஏன் பழையபடி நம்ப மாட்டேன் என்கிறார்கள் என்று கோபப்படுகிறார்கள். அல்லது, இவர்களே நம்பவில்லை, தேவன் எங்கே மன்னித்திருப்பார் என்று சோர்ந்துபோகிறார்கள். இரண்டும் வேண்டாம். தேவனிடம் கிடைத்ததை வைத்துக்கொண்டு மனிதரிடம் பொறுமையாகக் காத்திருக்கலாம். காத்திருக்கப் பலம் அதிலிருந்துதான் வருகிறது.

அறிக்கை செய்த மாதமே திருவிருந்து வந்தது. வெளியே நிற்கப் பார்த்தேன். ஐயா வாசலுக்கே வந்து, "அதுக்குத்தான் தம்பி இந்த மேசை" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் சிலவற்றையும் சொல்கிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முதலாவது, பெயர். சோதனை வரும் நேரத்தில், நான் செய்யப்போவதற்கு வேதம் வைத்திருக்கிற பெயரை வாய்விட்டுச் சொல்வேன். "நான் இப்போது பொய் சொல்லப்போகிறேன்." "நான் இப்போது அவரைப் பற்றிப் புறங்கூறப்போகிறேன்." பாதி நேரம் அதோடு வேகம் குறைந்துவிடும். யாக்கோபு, இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கிறது என்கிறார். கர்ப்பம் என்றால் வெளியே தெரியாமல் வளரும் காலம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்வது அந்தக் காலத்திலேயே வெளிச்சம் போடுவது.

இரண்டாவது, என் நேரத்தை அறிந்துகொண்டேன். நான் விழுந்ததெல்லாம் ஞாயிறு மாலைகளில். காலையிலிருந்து ஊழியத்தில் ஓடி, களைத்து, யாரும் நன்றிகூடச் சொல்லவில்லையே என்று உள்ளே புழுங்கும் நேரம். சாக வேண்டும் என்று எலியா படுத்துக்கொண்டபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைத்தான், தூங்க விட்டான், மறுபடியும் சாப்பிட வைத்தான். இப்போது ஞாயிறு மாலை நான் தனியாக இருப்பதில்லை. முக்கியமான எந்த முடிவும் அப்போது எடுப்பதில்லை.

1 கொரிந்தியர் 10:13, சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறது. அந்தப் போக்கு என் அனுபவத்தில் எப்போதும் ஆரம்பத்தில் இருக்கிறது, சிறிதாக இருக்கிறது, பெருமைக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அன்று எனக்கு அது ஒரு போன். "அண்ணா, சம்பளம் வரல, கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று ஒரு வரி. இப்போது ஒரு சகோதரரோடு உடன்பாடு வைத்திருக்கிறேன். "ஜெபியுங்கள்" என்று ஒரே சொல் அனுப்பினால், எந்த நேரமானாலும் அவர் கூப்பிடுவார். மாதத்தின் முதல் நாள் அவரே கேட்பார்: பணத்தில் சுத்தமா, போனில் சுத்தமா, மறைத்தது ஏதாவது உண்டா. மூன்றாவது கேள்விதான் வேலை செய்கிறது.

எண்ணம் வருவதையே பாவம் என்று நினைத்து நொந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எபிரெயர் 4:15 இயேசு எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்கிறது. அப்படியானால் சோதிக்கப்படுவது பாவமாக இருக்க முடியாது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அவை நம்மைத் தொந்தரவு செய்வதோ செய்யாதிருப்பதோ நம் கையில் இல்லை, தங்குவதுதான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கருத்து. எனக்கு இன்றும் அந்த எண்ணம் வருகிறது. வரும்போது முன்போல் பயந்து ஒளிவதில்லை.

விழுந்துவிட்டால்? அதே நாளில் சொல்லிவிடுவது. எட்டு மாதத்தை எட்டு மணி நேரமாக்குவது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வழி. லூக்கா 22-இல், பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே இயேசு அவனுக்காக ஜெபித்துவிட்டதாகச் சொல்கிறார். அதுவும் நீ விழ மாட்டாய் என்று சொல்லவில்லை. நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்கிறார். விழுகையையும் திரும்புதலையும் தாண்டி அவனுக்கு ஒரு வேலை வைத்திருந்தார். என்மேல் எனக்கு நம்பிக்கை வந்ததால் நான் எழவில்லை. எனக்காக ஏற்கெனவே ஒருவர் ஜெபித்திருக்கிறார் என்பதில்தான் எழுந்தேன்.

நிதியின் நடைமுறையையும் சபை மாற்றியது. பவுல் எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைத் தனியாகக் கையாளவில்லை. ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று சொல்லி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8). பவுலே அப்படிச் செய்தார் என்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்? இப்போது உறைகளை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள், இருவரும் கையெழுத்திடுகிறார்கள், வீட்டில் ரொக்கம் வைப்பதில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றாம் ஆள் ஒருவர் நோட்டைப் பார்க்கிறார். உங்கள் சபையில் ஒரே ஆள் பணத்தைக் கையாள்கிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர்மேல் உள்ள அன்பினாலேயே இதை மாற்றுங்கள்.

எபேசியர் 4:28, திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகப் பாடுபட்டு வேலைசெய்யக்கடவன் என்கிறது. எடுத்த கை கொடுக்கிற கையாக வேண்டும். மாதா மாதம் நானும் உறை போடுகிறேன்.

போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, சபைக்குப் புதிதாக வந்த பெரியவர் ஒருவர் என் கையில் ஒரு உறையைத் திணித்து, "மருத்துவ நிதிக்கு, நீங்களே சேர்த்திடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். என் கதை அவருக்குத் தெரியாது. சுற்றிலும் யாரும் இல்லை. உறையில் பெயரும் இல்லை, தொகையும் எழுதவில்லை. கையில் அதன் கனம் தெரிந்தது. பழைய ஆலோசனைக்காரர் வாய் திறப்பதற்குள் வாலிபர் அறைப் பக்கம் நடந்தேன். நான் ஒருகாலத்தில் ரசீதுக்காகக் கண்டித்த அந்தப் பையன்தான் இப்போது பொருளாளர். நான் மன்னிப்புக் கேட்டபோது பதில் பேசாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டவன். "தம்பி, இதைக் கொஞ்சம் என்கூட எண்ணு" என்றேன். அவன் இன்னொருவரையும் கூப்பிட்டான். மேசையில் உறையைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினோம். அவன் நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, பேனாவை அந்த இன்னொருவரிடம் நீட்டினான்.